கரைந்தது எது?

‘இஞ்சி இடுப்பழகி’ படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். 2015 நவம்பரில் வெளிவந்தபோது பார்த்துவிட்டுக் கைதட்டினேன். பிறகு, 11 கிலோ எடை குறைத்த பெருமையோடு, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க முடியாமல் வாசலில் நின்ற வருடத்தில் மறுபடி பார்த்தேன். அந்தக் கேனை அதுவரை யாரையும் கூப்பிடாமல் நானேதான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரகாஷ் கோவெலமுடி தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுத்த படம் அது. பருமனான பெண் ஸ்வீட்டி. மகளின் உடம்பையும் கல்யாணத்தையும் ஒரே கவலையாக்கிச் சுமக்கும் அம்மாவாக ஊர்வசி. சீக்கிரம் இளைக்க வைப்பதாகச் சொல்லிக் காசு பார்க்கும் நிலையத்தின் முதலாளியாக பிரகாஷ்ராஜ். தோழி அந்த நிலையத்தால் படுக்கையில் விழ, ஸ்வீட்டி அதை எதிர்த்துக் கிளம்புகிறாள். அனுஷ்கா இதற்காக நிஜமாகவே எடை கூட்டி நடித்தார். இளைப்பு வியாபாரத்தை ஒரு வெகுஜனப் படம் வில்லனாக நிறுத்தியது சிறிய காரியமல்ல. அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. ஒல்லியாக இருப்பது வேறு, ஆரோக்கியம் வேறு என்று படம் சரியாகவே பிரிக்கிறது. அந்த ஆரோக்கியம் எதற்கு, அந்த உடம்பு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு அது வருவதேயில்லை. ஸ்வீட்டியை இளைக்கச் சொல்பவர்களும் சரி, இப்படியே அழகுதான் என்று தேற்றுபவர்களும் சரி, அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவளால் எவ்வளவு தூக்க முடியும் என்பது ஒருவருக்கும் விஷயமாகப் படவில்லை.

அதே 2015 ஜனவரியில் ஷங்கரின் ‘ஐ’ வந்தது. வடசென்னை ஆணழகன் லிங்கேசனாக விக்ரம் தசையை ஏற்றினார், அதே படத்துக்காகப் பிறகு உருகிப்போனார். பத்திரிகைகள் அதை உழைப்பு என்றும் தவம் என்றும் எழுதின. அனுஷ்காவின் எடையோ, எப்போது குறைப்பார் என்ற விசாரணையானது. ‘பாகுபலி 2’ காலத்திலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஆணுடம்பு கூடினாலும் குறைந்தாலும் அது அவன் செய்த வேலை. பெண்ணுடம்புக்குக் குறைவது மட்டும்தான் வேலை.

குறைவது எது என்று கேட்காமல் விட்டதன் விலையைத்தான் நான் அந்தக் கேனிடம் தெரிந்துகொண்டேன். செலவாவதை விடக் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, தசையிலிருந்தும் எடுக்கிறது. வெறும் சாப்பாட்டைக் குறைத்து இளைப்பவர்களின் எடை இழப்பில் ஏறத்தாழ கால் பங்கு வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். தசையைக் காப்பாற்ற வழி உண்டு. அதற்கு வேலை கொடுக்க வேண்டும்: பாரம் தூக்குவது, குந்தி எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, பழகப் பழகப் பாரத்தைக் கூட்டுவது. புரதம் போதுமான அளவு வேண்டும். பட்டினி கிடக்காமல் மெதுவாக இளைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரம் 2 நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நமக்கு முதல் பாதி மட்டும்தான் சொல்லப்பட்டது. நடங்கள், இன்னும் நடங்கள். நடை இதயத்துக்கு நல்லது; ஆனால் அது தோளுக்கும் கைக்கும் வேலை வைப்பதில்லை.

எனக்குக் கிடைத்த உணவுப் பட்டியலில் காலை 2 இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு ஒரு சப்பாத்தி. இரண்டு இட்லியில் புரதம் 4 கிராம் இருந்தால் அதிகம். சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள், நோட்டில் குறிப்பார்கள், “வெரி குட் மேடம்” என்பார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறேன் என்று ஒரு சனிக்கிழமையும் எண்ணவில்லை.

நம் நாட்டுப் பரிந்துரைப்படியே ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். இளைக்கும் காலத்தில் தசை நிற்க 70 கிராமுக்கு மேல் தேவைப்படும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.) இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளை உற்றுப் பார்த்தேன். மீனின் நடுத்துண்டு அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கு, இப்போது என் மகனுக்கு. வாலும் தலையும் அம்மாவுக்கும் எனக்கும். குழம்பில் முட்டை எண்ணிப் போடப்படும். அந்த எண்ணிக்கையில் சமைத்தவள் இருக்கமாட்டாள். பெண்ணின் தசை ஜிம்முக்குப் போவதற்கு முன்னால் சமையலறையிலேயே பங்கு போடப்பட்டுவிடுகிறது. ஸ்வீட்டியின் அம்மா மகளுக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று கவலைப்பட்டாள். எங்கள் வீட்டில் எது கிடைக்கவில்லை என்று கவலைப்பட ஆளில்லை.

பாரம் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயத்தையும் சொல்ல வேண்டும். செங்கல் சுமக்கும் சித்தாளிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காசு கட்டி ஜிம்முக்குப் போகும் பெண்ணிடம்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு டிரெட்மில் பக்கம் கைகாட்டுகிறார்கள்.

சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ 2016 ஜனவரியில் வந்தது. மீன் விற்கும் மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டைக் கலை வீராங்கனை. அவளுடைய தோளைக் கேமரா பார்க்கும்போது, அது குத்தப் போகும் குத்துக்காகப் பார்க்கிறது. தமிழில் அபூர்வமான பார்வை அது. ஆனாலும் அந்தத் தசைக்கு ஒரு பயிற்சியாளரும் ஒரு பதக்கமும் தேவைப்படுகின்றன. நாட்டுக்காக என்றால் பெண்ணுக்குத் தசை இருக்கலாம். கேஸ் சிலிண்டரை உருட்டவும், வழுக்கிய இடத்தில் விழாமல் நிற்கவும் தசை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரியை இன்னும் எந்தப் படமும் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் குறைகிறது. என் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, வந்தவர்களில் ஒருவர் “நல்லவேளை, ஒல்லியா இருக்காங்க, தூக்கறது சுலபம்” என்றார்.

ஏழு மாதமாக 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக் குந்தி எழுகிறேன். முட்டையை எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணுகிறேன். எடை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. பாவாடை நாடாவை முன்பைவிட இறுக்கிக் கட்டவேண்டியிருக்கிறது. கீழ்வீட்டுப் பெண் போன வாரம், “என்னக்கா, மறுபடி பூசினாப்ல ஆயிட்டீங்களே” என்றாள். தண்ணீர் கேன் வந்திருந்தது. பேசிக்கொண்டே தூக்கி வைத்தேன்.