முய் பியென், கிராஸியாஸ்!

2018 அக்டோபரில் ஒரு வேலையாக மாட்ரிட் போயிருந்தேன். ஆபீஸ் செலவு. அதனால் ஸ்டார் ஹோட்டல் எல்லாம் இல்லை. அங்கே 'ஓஸ்தால்' என்று ஒன்று உண்டு. பழைய கட்டடத்தில் ஒரு மாடி, ஏழெட்டு ரூம், ஒரு குடும்பம் நடத்தும். நம்மூர் லாட்ஜுக்கும் உறவினர் வீட்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் தங்கிய ஓஸ்தாலை நடத்தியது அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது.

எனக்கென்ன கவலை? கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் 'பயணிகளுக்கான ஸ்பானிஷ்' வகைப் புத்தகம் ஒன்றைக் கரைத்துக் குடித்திருந்தேன். 'க்வாந்தோ க்வெஸ்தா?' என்றால் எவ்வளவு. 'தோந்தே எஸ்தா?' என்றால் எங்கே இருக்கு. வாங்க, விற்க, வழி கேட்க எல்லாம் ரெடி.

மூன்றாம் நாள் ராத்திரி அந்தம்மா என் ரூம் கதவைத் தட்டி ரெண்டே ரெண்டு வாக்கியம் சொன்னார்.

"மன்யானா நோ ஐ தெஸயூனோ. மி எர்மானோ அ முவெர்த்தோ."

முதல் வாக்கியம் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. 'நாளைக்கு டிபன் கிடையாது.' ரெண்டாவதில் 'மி எர்மானோ' தெரியும். என் சகோதரன். குடும்ப உறவுகள் பக்கத்தில் படித்தது. சரி, தம்பி ஊரிலிருந்து வருகிறார் போல, அந்த அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி என்று நானே முடிவு செய்துகொண்டு, கட்டை விரலை உயர்த்தி, முகமெல்லாம் பல்லாகச் சொன்னேன்:

"முய் பியென், கிராஸியாஸ்!" ரொம்ப நல்லது, நன்றி!

அந்தம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி கழித்து ஆங்கிலம் தெரிந்த அவருடைய மகள் வந்து சொன்னபோதுதான் விளங்கியது. 'அ முவெர்த்தோ' என்றால் இறந்துவிட்டார்.

மொபைல் இல்லையா, அதுதான் மொழிபெயர்க்குமே என்று கேட்பீர்கள். இருந்தது, பாக்கெட்டில். புரியவில்லை என்று தெரிந்தால்தானே அதை எடுக்கத் தோன்றும்? எனக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபத்தோடு படித்தால்தான் ஒரு புத்தகத்தின் லட்சணம் தெரிகிறது. இந்த வகையில் அப்புறம் நாலைந்து புத்தகங்கள் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. ஏர்போர்ட், ஹோட்டல், ரெஸ்டாரன்ட், கடை, டாக்டர், போலீஸ். முக்கால்வாசி வாக்கியங்கள் கேள்வி, மிச்சம் கட்டளை. 'பில் கொண்டு வாருங்கள்', 'ஜன்னலோர சீட் வேண்டும்'. அதாவது, உங்களை ஒரு கஸ்டமராக மட்டும் தயார் செய்கிறார்கள். காசு கொடுக்கிறவனுக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் இருக்கிறது. எதிரே நிற்கிற மனுஷர் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்கிற நினைப்பே கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. 'செய்திருக்கிறேன்', 'வந்திருக்கிறார்' என்கிற வினை வடிவம், ஆங்கிலத்தில் பிரசன்ட் பர்ஃபெக்ட் என்று நம்மைப் பத்தாம் வகுப்பு வரை படுத்தினார்களே, அது இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில்தான் தலைகாட்டுகிறது. 'அவசர நேரத்தில்' என்ற தலைப்பின் கீழ். 'ஏ பெர்திதோ எல் பஸாபொர்த்தே': பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன். 'மே அன் ரொபாதோ': என்னிடம் திருடிவிட்டார்கள். ஏதோ கெட்டது நடந்தால்தான் அந்த வடிவம் தேவைப்படும் என்பதுபோல! 'நல்ல சினிமா பார்த்தேன்', 'உங்கள் ஊர் பிடித்துவிட்டது' என்று சொல்ல ஆசைப்படுகிறவன் என்ன செய்வான்? அந்தத் திருட்டு வாக்கியங்களிலும் இலக்கணம் ஒரு வரி கிடையாது. அப்படியே விழுங்கு, போலீஸ் ஸ்டேஷனில் கக்கு.

சரி, விளக்க முடியாத அளவுக்குக் கஷ்டமான விஷயமா அது? இல்லை. அதிலும் தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைவிட சுலபம் எதுவும் இல்லை. கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள்.

முதல் வாக்கியத்தில் வந்ததே 'ஐ', அதற்கு 'இருக்கு' என்று அர்த்தம். 'ரூம் இருக்கா?' என்று கேட்க 'ஐ அபித்தாஸியோன்?' என்றால் போதும். ரெண்டாவது வாக்கியத்தில் வந்த 'அ'வும் அதே வினைச்சொல்லின் இன்னொரு வடிவம்தான். மூலம் 'அபேர்'. எழுதும்போது முன்னால் ஒரு ஹெச் வரும், உச்சரிக்கமாட்டார்கள். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஏ, அஸ், அ, ஏமோஸ், அபெய்ஸ், அன். ஆறே ஆறு. அதற்குப் பின்னால் வினையைச் சேர்க்கவேண்டும். 'கொமேர்' (சாப்பிடு) 'கொமிதோ' ஆகும். 'ஏ கொமிதோ': சாப்பிட்டிருக்கிறேன். 'அன் கொமிதோ': சாப்பிட்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பது மட்டும் மாறும், பின்னால் இருப்பது அசையாது.

நம்மிடமும் இதே ஏற்பாடுதானே? 'ரூம் இருக்கு' என்பதில் வருகிற அதே 'இரு'தான் 'பார்த்திருக்கேன்' என்பதிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்து அப்படியே நிற்கும். இருக்கேன், இருக்கே, இருக்கார் என்று 'இரு' மட்டும் மாறும். நாம் வாலில் கட்டியதை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. அங்கே 'ஹேவ்' என்பது 'வைத்திருக்கிறேன்' என்றும் அர்த்தம் தரும். ஸ்பானிஷில் டிக்கெட் வைத்திருக்கிறேன் என்பதற்கு 'தெனேர்' என்று வேறு வினைச்சொல். அதனால் ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நாம் வாங்குகிற புத்தகங்கள் அவர்களுக்காக எழுதியவை. அவர்கள் தடுக்கி விழும் பள்ளத்தைச் சுற்றி, பள்ளமே இல்லாத நம்மையும் கூட்டிப் போகிறார்கள்.

உடனே குஷியாகிவிடாதீர்கள். எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. அவர்கள் 'ஏ கொமிதோ' என்கிற இடத்தில் நாம் பாதி நேரம் 'சாப்பிட்டாச்சு' என்போம். விதியை மீறும் வினைகளும் உண்டு. பார்த்தது 'பிஸ்தோ', செய்தது 'ஏச்சோ', உடைந்தது 'ரோத்தோ', இறந்தது 'முவெர்த்தோ'. தினமும் வாயில் புழங்குகிற சொற்கள்தான் முரண்டு பிடிக்கும். ஒரு பத்துப் பன்னிரண்டை உருப்போட்டுத்தான் ஆகவேண்டும்.

எப்போது இந்த வடிவம், எப்போது சாதாரண இறந்தகாலம்? இலக்கணப் புத்தகம் அரைப் பக்கம் எழுதியும் எனக்குப் புரியவில்லை. நான் பி.காம். கணக்கு நோட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில், கணக்கு இன்னும் மூடாத காலத்துக்கு 'ஏ, அஸ், அ'. இன்று, இந்த வாரம், இந்த வருஷம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு. நேற்று, போன வாரம், போன வருஷம் என்றால் புத்தகம் மூடியாச்சு, சாதாரண இறந்தகாலம். காலையில் ரயிலைக் கோட்டைவிட்டால், மாட்ரிட்காரர் சாயங்காலம் 'ஏ பெர்திதோ எல் த்ரென்' என்பார். மெக்ஸிகோவிலும் பியூனஸ் அயர்ஸிலும் அப்படி இல்லை. ரயில் போச்சா, அங்கேயே பைசல். 'பெர்தி எல் த்ரென்'. மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், பயப்படவேண்டாம்.

சொற்களுக்கும் இதே கதைதான். பஸ்ஸுக்கு 'அவ்தோபூஸ்' என்று புத்தகம் சொல்லும். தப்பில்லை. ஆனால் மெக்ஸிகோவில் 'கமியோன்', பியூனஸ் அயர்ஸில் 'கொலெக்தீவோ', கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 'க்வாக்வா'. பஸ் பிடிப்பதற்கு ஸ்பெயினில் 'கொஹேர்' என்பார்கள். அதே சொல்லை அர்ஜென்டினாவிலோ மெக்ஸிகோவிலோ சொல்லிப் பாருங்கள், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அங்கே அதற்கு இந்தப் பத்திரிகையில் எழுத முடியாத அர்த்தம். என் புத்தகம் எச்சரிக்கவே இல்லை.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 'தெஸ்தீனோஸ்' என்று ஒரு டி.வி. தொடர். 1992-ல் அமெரிக்காவில் ஸ்பானிஷ் கற்றுக்கொடுப்பதற்காகவே எடுத்தது, மொத்தம் 52 அரை மணி நேரப் பகுதிகள். அசல் மெகா சீரியல்! மெக்ஸிகோவில் சாகக் கிடக்கும் ஒரு பணக்காரப் பெரியவருக்கு ஒரு கடிதம் வருகிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937-ல் கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு போட்டபோது இறந்துவிட்டாள் என்று அவர் நினைத்த முதல் மனைவி, உண்மையில் பிழைத்துவிட்டாளாம். துப்பறிய ரக்கேல் என்ற பெண் வக்கீலை அனுப்புகிறார்கள். செவில்லா, மாட்ரிட், பியூனஸ் அயர்ஸ், போர்ட்டோ ரிக்கோ, மெக்ஸிகோ என்று அலைகிறாள்.

ரக்கேலும் பயணிதான். ஹோட்டல், டாக்சி, ரயில் எல்லாம் அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் போகிற காரியம் வேறு. யார் இருக்கிறார், யார் இறந்துவிட்டார், என்ன நடந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், நடந்ததை எளிய ஸ்பானிஷில் திரும்பச் சொல்லி நம்மிடமே கேள்வி கேட்கிறாள். நாமும் கதை கேட்கப் பழகிவிடுகிறோம். குறை இல்லாமல் இல்லை. ரொம்ப நிதானம். பதினைந்து நாளில் விமானம் ஏறுகிறவருக்கு ஆகாது. நடை உடை எல்லாம் பழசு. அழுகையும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் இதில் பத்துப் பகுதி பார்த்துவிட்டுப் போயிருந்தால், அந்த ராத்திரி நான் அப்படிப் பல்லைக் காட்டியிருக்கமாட்டேன்.

எனவே, பயண ஸ்பானிஷ் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே புரட்டிப் பாருங்கள். 'என்ன விலை?' எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். 'என்ன ஆச்சு?' இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு வரக்கூடிய பதில்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள்.

ரெண்டு நாள் கழித்து, நான் கிளம்புகிற அன்று காலை, அந்தம்மா திரும்பி வந்தார். கறுப்பு உடை. துக்கம் விசாரிக்கப் புத்தகத்தில் தனியாக எதுவும் இல்லை. 'மன்னிப்பு' பகுதியில், யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்வதற்கு 'லோ ஸியெந்தோ' என்று போட்டிருந்தது. துக்க வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தன் தம்பியைப் பற்றிப் பேசினார். அங்கங்கே ஓர் 'எர்மானோ', ஓர் 'அ' மட்டும் காதில் விழுந்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

பேசி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அ கொமிதோ?"

புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை முதல் தடவையாக நானே கட்டிச் சொன்னேன். "நோ ஏ கொமிதோ." இன்னும் சாப்பிடல.

அந்தம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.