கரி பிடித்த வால்வு

டீசல் காரின் இ.ஜி.ஆர். வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புகிறது. அதனால் எரியும் வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. 2020இல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இதன் பொறுப்பு கூடியது.

வடசென்னையின் கொடுங்கையூரில் குப்பை லாரிக்கும் கன்டெய்னருக்கும் பின்னால் ஊர்ந்தே ஓடும் கார்களில் இது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புகைக்கரி எண்ணெய் ஆவியோடு சேர்ந்து தார்போல் இறுகிவிடும். வால்வு திறந்தபடி சிக்கினால் ஐடிலிங்கில் எஞ்சின் நடுங்கும், கரும்புகை வரும், இழுவை போகும்.

ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு தெரிந்தால் புகையோட்டம் போதவில்லை என்றுதான் பொருள். வால்வே கெட்டுவிட்டது என்றல்ல. நல்ல மெக்கானிக்கின் கைத்திறம் இங்கேதான் தெரியும். வயரிங், வாக்குவம் ஹோஸ், சென்சார் எல்லாம் பார்த்தபின், ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறந்து மூடி, எஞ்சின் ஓட்டம் மாறுகிறதா என்று காதால் கவனிப்பார். மாறாவிட்டால் வால்வு சிக்கியிருக்கும், அல்லது பாதை அடைத்திருக்கும். பிறகே கழற்றுவார். கிளீனரில் கரியை ஊறவைத்து, வால்வு சீட்டில் கீறல் விழாமல் பிரஷ்ஷால் எடுத்து, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டுவார். பொறுமையான, அருமையான வேலை.

தகடு வைத்து வால்வை அடைத்துவிடும்படி எந்த வண்டிக்காரரும் கேட்க வேண்டாம். அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும்; அந்தப் புகையைச் சுவாசிப்பது வடசென்னைதான்.