கப்பலேறுமுன் எழுதப்பட்ட பெயர்கள்

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் எடுத்த ‘தி ஸ்டீயரேஜ்’ நிழற்படத்தைப் பார்க்கும் பலர், அமெரிக்காவுக்கு வந்து சேரும் ஏழைகள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கப்பலோ நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவர்கள் திரும்பிப் போகிறவர்கள். அட்லாண்டிக் பயணிகளைப் பற்றிய எழுத்துகளுக்கும் இதே கோளாறு உண்டு. எல்லாருடைய கண்ணும் கரையிறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவின் மீதுதான். கப்பலேறிய துறைமுகத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

எல்லிஸ் தீவில் திருப்பியனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். வடிகட்டும் வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஏற்க மறுக்கப்பட்டவரைக் கப்பல் நிறுவனமே தன் செலவில் திருப்பி அழைத்துப்போக வேண்டும் என்றது 1891ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். ஏறும்போதே கண்டுபிடித்திருக்கக்கூடிய தொற்றுநோயோடு ஒருவர் வந்திறங்கினால் 100 டாலர் அபராதம் என்றது 1903ஆம் ஆண்டுச் சட்டம். பயணச்சீட்டு விற்றவரே காவலராகவும் மருத்துவராகவும் மாறியது இப்படித்தான்.

இதன் முழு உருவத்தை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் காணலாம். 1892இல் அந்நகரில் காலரா எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ரஷ்யாவிலிருந்து வந்த பயணிகள்மீது பழி விழுந்தது. ரஷ்ய எல்லையோரத்தில் சோதனை நிலையங்கள் முளைத்தன. ஹாபாக் கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின், 1901இல் ஹாம்பர்க்கின் ஃபெட்டல் தீவில் புலம்பெயர்வோருக்கென்றே கூடங்களைத் திறந்தார். படுக்கை, தேவாலயம், யூதத் தொழுகைக்கூடம், யூத நெறிப்படியான சமையல் எல்லாம் உண்டு. ஆனால் வந்ததும் ‘அசுத்தப் பக்கம்’தான். உடுப்பைக் கழற்றிக் கொடுத்து, குளித்து, மருத்துவர் முன் நின்ற பிறகே ‘சுத்தப் பக்கம்’ போகலாம். மானம் கப்பலேறிவிட்டது என்போம் நாம். அங்கே ஆளுக்கு முன்பே மானம் ஏறிவிட்டது.

அந்தக் கூடங்களுக்கு முந்தைய 1894இல் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனி வழியாக அமெரிக்காவுக்குப் போன சிறுமி மேரி ஆன்டின், அச்சோதனையைத் தன் மாமாவுக்குக் கடிதமாக எழுதினார். வெள்ளுடை அணிந்தவர்கள் தேய்த்துக் கழுவியபோது, கொல்லத்தான் கொண்டுவந்திருக்கிறார்களோ என்று பயணிகள் நடுங்கியிருக்கிறார்கள். 1899இல் நூலான அந்தக் கடிதத்துக்கு ஈடாக எந்த ஆய்வேட்டையும் நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு கட்டுக்கதையும் இங்கே உடைகிறது. எல்லிஸ் தீவு அதிகாரிதான் எங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார் என்று அமெரிக்க வீடுகளில் சொல்வதுண்டு. அதிகாரி கையில் இருந்ததோ கப்பல் நிறுவனம் அனுப்பிய பட்டியல். பயணி புறப்படும் துறைமுகத்திலேயே அதை நிரப்ப வேண்டும் என்பது 1893ஆம் ஆண்டுச் சட்டம். பெயர் சிதைந்திருந்தால் ஏறிய கரையில் தேட வேண்டும். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் கிடைக்கின்றன. இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரெமனுடையவை பெரும்பாலும் அழிந்தன. அதனால் வம்சம் தேடுவோர் ஹாம்பர்க்கிலேயே மொய்க்கிறார்கள். காகிதம் மிஞ்சிய இடமே வரலாறாகிவிடுகிறது.

அண்மைக் காலத்தில் வரலாற்றாசிரியர்களின் பார்வை புறப்பட்ட பக்கம் திரும்பியிருக்கிறது. ட்ரூ கீலிங் (2012) இந்தப் பயணத்தை ஒரு வணிகமாகக் கணக்குப் பார்க்கிறார். தாரா சாரா (2016), பயணமுகவர்கள் மீது 1889இல் இன்றைய போலந்தின் வாதோவித்சேயில் நடந்த வழக்கிலிருந்து தொடங்கி, மக்களை இழந்த நாடுகளின் பக்கம் நின்று எழுதுகிறார். இரண்டில் சாராவின் நூலே எனக்கு நெருக்கம். ஆனாலும் ஏணிப்படியில் கால்வைத்த அந்தக் கணம் இரண்டிலும் கைக்கு அகப்படவில்லை.

அதற்கு டைட்டானிக்கிடம்தான் போக வேண்டியிருக்கிறது. 1912 ஏப்ரல் 10 மாலை, பிரான்ஸின் ஷெர்பூரில் கப்பல் கரையை அணையவில்லை. துணைப்படகுகள்தான் ஆட்களைக் கொண்டுபோயின. அவையும் வகுப்புவாரியாக இரண்டு. முதல், இரண்டாம் வகுப்பினருக்கு ‘நோமாடிக்’. மூன்றாம் வகுப்பினருக்கும் தபால் மூட்டைகளுக்கும் ‘டிராஃபிக்’. நோமாடிக் புதுப்பிக்கப்பட்டு இன்று பெல்ஃபாஸ்ட்டில் காட்சிக்கு நிற்கிறது. டிராஃபிக் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிப்போனது.