கால் சுற்றுக் கணக்கு

சைக்கிள் கடை வாசலில் கோட்டம் எடுப்பதை வேடிக்கை பார்த்தபடி நின்ற பொழுதுகள் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் நினைவிருக்கும். கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் பட நிறுத்துவார். சக்கரத்தை ஒரு தட்டு தட்டிச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றி, ரிம்மை ஒட்டி ஒரு சாக்பீஸ் துண்டைப் பிடிப்பார். ரிம் எங்கே வந்து உரசுகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் ஒரு கம்பியை முறுக்குவார், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவார். மறுபடி ஒரு சுழற்று. எட்டு போட்டுக்கொண்டு வந்த சக்கரம் சிறிது நேரத்தில் ஆட்டமில்லாமல் ஓடும். பீடியைப் பற்றவைத்தபடி அவர் அடுத்த பஞ்சருக்குப் போய்விடுவார்.

கோட்டம் என்ற சொல்லே அழகு. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். தராசின் முள் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதை நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய வள்ளுவர் ‘கோடாமை’ என்று சொன்னதும் இதே வேரிலிருந்துதான். பட்டறைகளில் ‘பெண்டு எடுப்பது’ என்றும் சொல்வார்கள். கோட்டத்தில் இருக்கும் நயம் பெண்டில் இல்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தச் சக்கரம் எதனால் நிற்கிறது? மாட்டுவண்டிச் சக்கரத்தைப் புரிந்துகொள்வது எளிது. குடத்திலிருந்து வட்டை வரை பாயும் ஆரக்கால் ஒவ்வொன்றும் ஒரு தூண். கீழே வரும் தூண் பாரத்தைத் தாங்கும். சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் கனம், ஏறத்தாழ ஏழு கிராம் எடை. செங்குத்தாக நிறுத்தி மேலே கையை வைத்து அழுத்தினாலே வளைந்துவிடும். தூணாக நிற்க வக்கில்லாத அந்தக் கம்பிக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பி சுமார் 100 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். 36 கம்பிகள் என்றால், ஆள் ஏறி உட்காரும் முன்பே அந்த வட்டத்துக்குள் 3,600 கிலோ இழுவிசை ஓசையில்லாமல் குடியிருக்கிறது. ஆள் ஏறியதும் தரையை ஒட்டி வரும் சில கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறைகிறது. மற்றவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. பாரம் சுமப்பது என்பது அங்கே பிடியைச் சற்று விட்டுக்கொடுப்பதுதான்.

இழுத்துக் கட்டிய சக்கரத்தை 1808-இல் யோசித்தவர் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர். அவர் கனவு கண்டது சைக்கிளை அல்ல, பறக்கும் இயந்திரத்தை. அதற்கு எடை குறைந்த சக்கரம் தேவைப்பட்டது. அந்த யோசனைக்கு இன்றைய உருவம் தந்தவர் கவென்ட்ரி நகரில் தையல் இயந்திரத் தொழிலிலிருந்து வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி. அதுவரை கம்பிகள் சூரியக் கதிர்போல் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து நேராகப் பாய்ந்தன. பெடலை மிதித்தால் ஹப் முதலில் முறுக்கிக்கொண்டு திரும்பும், ரிம் சற்றுத் தாமதமாகத்தான் பின்தொடரும். 1874-இல் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பாதிக் கம்பிகள் முன்னோக்கி இழுக்க, மறுபாதி பின்னோக்கி இழுக்க, மிதித்த மிதி உடனே ரிம்முக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் சக்கரத்தில் தெரியும் பின்னல் அதுதான். ஒன்றரை நூற்றாண்டாக அதற்குப் பெரிய திருத்தம் தேவைப்படவில்லை.

நம்மூர்க் கறுப்புச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் இருக்கும். பிரிட்டிஷ் சைக்கிள்களோடு வந்த வழக்கம் இது. கேரியரில் நெல் மூட்டையோ, தண்ணீர்க் குடமோ, மனைவி மக்களோ ஏறும் ஊரில் பின்சக்கரத்துக்கு அந்த எட்டுக் கம்பி கூடுதலாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது சக்கரங்களை இயந்திரங்களே கோத்து, முறுக்கி, கோட்டமும் எடுத்து அனுப்பிவிடுகின்றன. விலையும் குறைவு. அப்படியும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, ஹப், ரிம், ஒரு கட்டுக் கம்பி, கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் ஒரு கைப்பிடி ஆகியவற்றைக் கொட்டிவைத்துத் தங்கள் சக்கரத்தைத் தாங்களே கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேதநூல் போல அமைந்தது ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட ‘தி பைசைக்கிள் வீல்’. கலிஃபோர்னியாவில் பொறியாளராக இருந்த பிராண்ட், ஆண்டுதோறும் ஆல்ப்ஸ் கணவாய்களில் சைக்கிளில் ஏறி இறங்கியவர். புத்தகத்தின் முதல் பகுதி கம்பிகளின் விசைக் கணக்கு. அடுத்த பகுதி வீட்டில் கட்டும் முறை. அது புரியும்படி இருக்கிறதா என்று பார்க்க, பள்ளியில் படித்த தன் இரண்டு மகன்களிடமும் புத்தகத்தைக் கொடுத்து, வேறு உதவியில்லாமல் சக்கரங்களைக் கட்டச் சொன்னார். செய்முறை நூல் எழுதும் எல்லோருக்கும் இப்படி ஒரு தேர்வு வைக்கலாம். சமையல் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு முறை வைக்கலாம்.

கோப்பது கடினமல்ல. 36 கம்பி என்றால் ஒன்பது ஒன்பதாக நான்கு தொகுதி. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடந்து போகும். மூன்றாவதில் மட்டும் அடியில் நுழைந்து பின்னிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் சக்கரம் நனைந்த முறம்போலத் துவண்டு கிடக்கும். கட்டுகிறவருக்கு நம்பிக்கை தளரும் இடமும் இதுதான். நிப்பிள்களைச் சுற்று சுற்றாக ஒரே அளவில் முறுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சுற்றில் அது திடீரென்று சக்கரமாகிவிடும்.

உண்மையான வேலை அதன் பிறகுதான். கம்பியின் மரையில் ஓர் அங்குலத்துக்கு 56 சுற்று. நிப்பிளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் கம்பி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். கால் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. புதியவர்கள் கோட்டத்தைக் கண்டதும் அந்த இடத்துக் கம்பி ஒன்றைப் பிடித்து இரண்டு சுற்று முறுக்கிவிடுவார்கள். அந்த இடம் நேராகும், அடுத்த இடம் இழுத்துக்கொள்ளும், அதையும் முறுக்குவார்கள். அரை மணி நேரத்தில் பாதிக் கம்பிகள் விறைத்தும் மீதி கொழகொழவென்றும் இருக்கும். கை பழகியவர் வலப்பக்கம் சாய்ந்த ரிம்முக்கு இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்று விடுவார். பிறகு சுழற்றிப் பார்ப்பார். மூன்றுவிதக் கோணலையும் மாறி மாறிக் கவனிப்பார்: பக்கவாட்டில் ஆடுவது, மேலும் கீழும் குதிப்பது, ரிம் நடுவில் நிற்காமல் ஒருபுறம் ஒதுங்குவது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று எட்டிப்பார்க்கும்.

இந்த வேலைக்கு மிக நெருங்கிய உறவு மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதுதான். அங்கேயும் ஒரு வட்டம், சுற்றிலும் இழுத்துக் கட்டிய வார்கள். வித்வான் ஓரத்தில் ஓர் இடத்தில் கல்லால் தட்டுவார், விரலால் மீட்டிக் கேட்பார், எதிர்ப்பக்கத்தில் தட்டுவார். சக்கரம் கட்டுகிறவரும் கம்பிகளைச் சுண்டிக் கேட்கிறார். ஒரே நீளம், ஒரே கனமுள்ள கம்பிகள் ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவை சமம். மந்தமாக முனகுவது தளர்ந்த கம்பி. பின்சக்கரத்தில் இரண்டு சுருதி கேட்கும். வலப்பக்கத்தில் ஃப்ரீவீல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று, கூடுதல் இறுக்கத்தில் உச்சத்தில் பாடும். இடப்பக்கம் தாழ்ந்து ஒலிக்கும். இழுவை அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆனாலும் காதை நம்புகிறவர்கள் குறையவில்லை.

நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் கொஞ்சம் கூடவே முறுக்கிக்கொள்ளும். அதை அப்படியே விட்டால் முதல் சவாரியில் ‘டிங், டிங்’ என்று ஒவ்வொன்றாக முறுக்கு அவிழ்ந்து, எடுத்த கோட்டம் திரும்பி வந்துவிடும். அதனால் விவரமறிந்தவர்கள் வேண்டியதைவிடச் சற்று அதிகம் திருப்பி, அந்த அளவு பின்வாங்குவார்கள். பிறகு இணையாக ஓடும் இரண்டு இரண்டு கம்பிகளை உள்ளங்கையில் சேர்த்துப் பலங்கொண்டு பிசைவார்கள். ஹப்பில் மாட்டும் கழுத்து வளைவில் தங்கியிருக்கும் அழுத்தம் அப்போது தணிகிறது. கம்பி பெரும்பாலும் அறுந்துபோவது அந்தக் கழுத்தில்தான். அதிகம் முறுக்கியதால் அறுந்தது என்று பழி சொல்வார்கள். அநேகமாகக் காரணம் நேர்மாறானது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுழற்சியிலும் தொய்ந்து, விறைத்து, தொய்ந்து, களைத்துத்தான் அறுகிறது.

கடைசியாக இரண்டு சம்பிரதாயங்கள். டியூபின் வால்வு வெளியே வரும் துளைக்கு இருபுறமும் கம்பிகள் குறுக்கே சாயாமல் விலகி நிற்கும்படி கோக்க வேண்டும். அப்போதுதான் காற்றடிக்கும் பம்பு உள்ளே நுழையும். இதற்குப் பயன் உண்டு. இன்னொன்றுக்கு ஒரு பயனும் இல்லை: அந்தத் துளையின் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால், ஹப்பில் பொறித்த பெயர் நேர் எதிரே தெரிய வேண்டும். இதற்காகவே கோத்த 36 கம்பிகளையும் கழற்றித் திரும்பக் கோக்கிறவர்கள் இருக்கிறார்கள். டயர் ஏறி, வால்வு அந்தத் துளையை அடைத்த பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை.