இரவல் பிள்ளைகளின் மேனேஜர்

உங்களிடம் ஏழடி உயரத்தில் ஒரு பையன் இருக்கிறான். வயது 18. கூடைப்பந்து ஆடுகிறான். ரத்தமும் சதையுமாக அல்ல. கம்ப்யூட்டர் திரையில், ஒரு பெயராகவும் சில எண்களாகவும். 2007-ல் தொடங்கிய 'பஸ்ஸர்பீட்டர்' என்கிற இணைய விளையாட்டில் உங்களுக்கு ஒரு கிளப், ஒரு அரங்கம், கொஞ்சம் பணம், சில ஆட்டக்காரர்கள். உலகம் பூராவும் உங்களைப் போலவே கிளப் வைத்திருக்கும் மேனேஜர்கள். பந்தை நீங்கள் தொடப் போவதில்லை. யார் எந்த இடத்தில் ஆடுவது, இந்த வாரம் என்ன பயிற்சி, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று தீர்மானிப்பதுதான் வேலை. மேட்ச் தானாக நடக்கும். வர்ணனையைப் படித்துக்கொண்டு நகம் கடிக்கலாம்.

ஒரு நாள் உங்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. 'தங்கள் பையன் நம் நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேவைப்படுவான். ஆனால் பாஸ் கொடுக்கத் தெரியவில்லை. தயவுசெய்து அடுத்த ஆறு வாரம் அவனை பாயின்ட் கார்டாக ஆட வைக்கவும்.'

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கு: பாயின்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து யாருக்குத் தருவது என்று முடிவு செய்பவர். பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். ஏழடிக்காரன் கூடைக்குக் கீழே நின்று எம்ப வேண்டியவன். அவனைக் கொண்டுபோய் பாயின்ட் கார்டாக நிறுத்துவது யானையைத் தையல் மெஷினில் உட்கார வைக்கிற மாதிரி. ஆனால் இந்த விளையாட்டின் விதி அப்படி. பாஸ் பயிற்சி வேண்டுமென்றால் அதற்குரிய இடத்தில் நின்று வாரத்துக்கு 48 நிமிஷம், அதாவது ஒரு முழு மேட்ச் ஆடியாக வேண்டும். உயரமான பையன்கள் இந்த வகை வித்தைகளை மெதுவாகத்தான் கற்பார்கள் என்பது இன்னொரு விதி. ஆக, அந்த ஆறு வாரமும் பந்து கைமாறிப் போகும், நீங்கள் தோற்பீர்கள். 16 கிளப்கள் உள்ள லீக்கில் கடைசிக்கு வந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கடிதம் எழுதியவர் கையில் உங்களுக்குக் கொடுக்க ஒரு பைசா இல்லை.

அவர்தான் தேசிய இளைஞர் அணியின் மேனேஜர். அந்த நாட்டில் கிளப் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்.

ஸ்வீடனில் 1997-ல் ஆரம்பித்த 'ஹாட்ரிக்' என்கிற கால்பந்து விளையாட்டிலும் இதே மாதிரி தேர்தல் உண்டு. நம் ஊர்களில் கம்ப்யூட்டர் கேம் என்றால் சுடுவதும் ஓடுவதும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒருவர் ஓட்டுக் கேட்டு நின்று, ஜெயித்து, சம்பளம் இல்லாமல், தனக்குச் சொந்தமில்லாத பையன்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். இந்த ஏற்பாட்டை விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாவலை, ஒரு சினிமாவை விமரிசிக்கிற மாதிரி இதையும் விமரிசிக்கலாம்.

முதலில் கடிகாரம். ஒரு சீசன் என்பது 14 வாரம். ஒரு சீசன் முடிந்தால் ஆட்டக்காரனுக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. 18-ல் உள்ளே வந்தவனுக்கு 21 முடிய 4 சீசன். கூட்டிப் பாருங்கள், 56 வாரம். வாரத்துக்கு ஒரே ஒரு வித்தையில்தான் பயிற்சி. நடுவில் கால் பிசகினால் அதில் சில வாரம் போச்சு. 19-ல் வருபவனுக்கு 42 வாரம்தான். சீனியர் அணி மேனேஜருக்கு இந்த அவசரம் இல்லை; பழுத்த ஆட்டக்காரர்களைப் பறித்துக்கொள்ளலாம். இளைஞர் அணிக்காரர் பிஞ்சைப் பார்த்து, இது காயாகுமா என்று கணக்குப் போட்டு, தோட்டக்காரரிடம் போய்க் கெஞ்ச வேண்டும்.

இதிலிருந்து ஒரு விபரீதம் வருகிறது. பையன்கள் நன்றாக ஆடுவது 21-வது வயதில், கடைசி சீசனில். அப்படியானால் இன்று ஜெயித்து வந்த மேனேஜர் களத்தில் இறக்கும் பையன்கள், அவருக்கு முந்தையவர்கள் கடிதம் எழுதி எழுதி உருவாக்கியவர்கள். இவர் இன்று எழுதும் கடிதங்களின் பலன் இன்னொருவர் காலத்தில் வரும். கோப்பை வாங்கினால் புகழ் இவருக்கு. பாதி உழைப்பு போனவருடையது. தோற்றால் திட்டு இவருக்கு. தப்பு மூன்று சீசனுக்கு முன்னால் யாரோ செய்தது. ஓட்டுப் போடுகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்கிறார்களா என்றால், வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள். இந்த இடத்தில் உங்களுக்கு நிஜத் தேர்தல் எதுவும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

பட்டியலை மட்டும் பார்ப்பதானால் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் டெபாசிட் இழந்திருப்பார். கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தபோது 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது பிரசார உரை. வேட்பாளர்கள் தங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. எத்தனை சீசன் அனுபவம், எந்தப் பிரிவு, எத்தனை கோப்பை. பிறகு எல்லாப் பையன்களையும் கண்காணிக்கப் பெரிய அட்டவணை போடுவேன் என்ற வாக்குறுதி. பிறகு வியூகம். கடைசியில் நாட்டுப்பற்று, ஆச்சரியக்குறியுடன். இந்த விளையாட்டில் திறமைகளுக்கு எண்ணோடு அடைமொழியும் உண்டு. 'அட்ரோஷியஸ்' என்று கேவலத்தில் தொடங்கி, 20-வது படியில் 'லெஜண்டரி' என்று முடிகிற ஏணி. நாள் முழுக்க அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, வேட்பாளர்களும் தங்களைப் பற்றி 15-வது படிக்கு மேலேதான் பேசுகிறார்கள்.

வியூகம் என்பது நல்ல பேச்சுத்தான். ஆனால் மேனேஜருக்கு அதில் என்ன பெரிய வேலை? மேட்சுக்கு முன்னால் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே கொடு, வேகமாக ஓடு, நிதானமாக ஆடு என்று வகைகள் இருக்கின்றன. அதில் ஒன்று 'பிரின்ஸ்டன்'. பீட் கேரில் என்பவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1967-லிருந்து 1996 வரை பயிற்சியாளராக இருந்து புகழ் பெறச் செய்த முறை. அவருடைய பையன்கள் மற்றவர்களைவிட உயரமும் இல்லை, வேகமும் இல்லை. பந்தை விடாமல் கைமாற்றி, எதிராளி அசந்த நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் நழுவிப்போய்க் கூடையில் போடுவார்கள். 1996 மார்ச்சில், முந்தின வருஷ சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை 43-41 என்று தோற்கடித்தார்கள். கேரிலுக்கு ஏறக்குறைய 30 வருஷம் பிடித்த சமாச்சாரம் இங்கே ஒரு சொடுக்கு. சொடுக்கலாம்; பாஸ் கொடுக்கத் தெரியாத ஐந்து பையன்களை வைத்துக்கொண்டு சொடுக்கி என்ன பிரயோசனம்? அவர்களுக்குப் பாஸ் வருவதற்காக எங்கோ ஒரு கிளப் முதலாளி ஆறு வாரம் தோற்றிருக்க வேண்டும். எத்தனை வேட்பாளர் இதை எழுதுகிறார்கள் என்று தேடினால் கை சோர்ந்துவிடும்.

நிஜ உலகில் இந்தச் சண்டை பெரிய ஆட்களின் சண்டை. 2017-ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம் நவம்பர் மாதத்தில் தகுதிச் சுற்று ஆட்டங்களை வைத்தது. யூரோலீக் கிளப்கள் எங்கள் ஆட்டக்காரர்களை அனுப்ப முடியாது என்று மறுத்தன. இரண்டு பக்கமும் வக்கீல், ஒப்பந்தம், டி.வி. பணம். இந்த விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. எஸ்டோனியப் பையன் ஒருவனை அர்ஜென்டினாக்காரர் வாங்கி வைத்திருக்கலாம். பையனின் திறமை விவரம் முதலாளிக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர் அவன் வயதையும் உயரத்தையும் சம்பளத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். எஸ்டோனிய மேனேஜரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் மரியாதையான ஒரு கடிதம். இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். அதிகாரமே இல்லாத ஒரு பதவியை உண்டாக்கி, அதற்குப் போட்டியும் வர வைத்திருக்கிறார்கள்.

ராபர்ட் கூவரின் 1968 நாவல் ஒன்றில் ஹென்றி வாக் என்கிற கணக்கர் சமையலறை மேஜையில் பகடை உருட்டி, ஒரு பேஸ்பால் லீக்கையே தனியாக நடத்துவார். அவருக்குப் பிரியமான இளம் ஆட்டக்காரன் பகடை விழுந்தபடி செத்துப்போக, மனுஷர் உடைந்துபோவார். வாக்குக்கு அவர் பையன் அவருடைய சொந்தக் கற்பனை. இங்கே என் பையனைப் பற்றி நீங்கள் கனவு காண்கிறீர்கள். ஒரே பொம்மைக்கு இரண்டு அப்பாக்கள். அதனால்தான் விஷயம் சில சமயம் அசிங்கமாகவும் ஆகிறது.

முக்கியமாகப் புதிதாக வந்தவர்களிடம். விளையாட்டில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. குருட்டு அதிர்ஷ்டத்தில் டிராஃப்டில் அருமையான பையன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று வையுங்கள். உடனே உபதேசம் ஆரம்பிக்கும். உங்களால் இவனை வளர்க்க முடியாது, நாட்டின் நன்மைக்காக அனுபவசாலி ஒருவருக்கு விற்றுவிடுங்கள் என்று. கணக்குப்படி உபதேசம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் புதியவர் கிளப் நடத்த வந்ததே இப்படி ஒருவனை வளர்த்துப் பார்க்கத்தானே. பையனை விற்ற பிறகு அவரிடம் மிச்சம் கொஞ்சம் பணமும், ஐந்தாறு சோம்பேறிகளும். அவர் அடுத்த மாதம் விளையாட்டையே விட்டுவிட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். நல்ல மேனேஜர் என்றால் இந்த இடத்தில் வேறு மாதிரி எழுதுவார். 'வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் என்ன பயிற்சி என்று நான் சொல்லித் தருகிறேன்' என்பார். அதில் ஒன்றிரண்டு மேட்ச் தேசத்துக்கு நஷ்டமானால் ஆகட்டும்.

விளையாட்டின் மேல் எனக்குள்ள பெரிய குறை வேறு. பையன் அணியில் சேர்ந்த அன்றே அவனுடைய உச்சவரம்பு என்ன என்று சொல்லிவிடுகிறார்கள். 'பொட்டென்ஷியல்' என்று பெயர். மேலே 'ஆல் டைம் கிரேட்'. ஆகக் கீழே 'அனௌன்சர்'. மைக்கைப் பிடித்துப் பேசத்தான் லாயக்கு என்று அர்த்தம். சிரிப்பு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். வரம்பை நெருங்கியதும் பயிற்சி மிக மெதுவாகத்தான் ஏறும். இது நிஜத்துக்குச் செய்யும் துரோகம். 2014 என்.பி.ஏ. டிராஃப்டில் செர்பியாவின் நிகோலா யோகிச்சை 41-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் அமெரிக்க டி.வி.யில் ஒரு தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஏழடி, மந்தமான நடை, துள்ளத் தெரியாது. 2021, 2022, 2024 என்று மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அவர் பேர் போனதே சென்டராக நின்றுகொண்டு பாஸ் கொடுப்பதற்குத்தான். நம் கடிதக்காரர் கேட்ட அதே ஏழடிப் பையன்!

பஸ்ஸர்பீட்டரில் யோகிச் வர முடியாது. 'ரோல் பிளேயர்' என்று அன்றைக்கே சீட்டு ஒட்டியிருப்பார்கள். எந்தத் தேசிய மேனேஜரும் அவருக்காகப் பேனாவைத் திறந்திருக்க மாட்டார். வரம்பை மறைத்து வைத்திருந்தால் மேனேஜர்கள் ஊகித்திருப்பார்கள், தப்பு செய்திருப்பார்கள், எல்லோரும் கைவிட்ட பையனுக்காக ஒருவர் பிடிவாதம் பிடித்திருப்பார். தேர்தலுக்கும் உயிர் வந்திருக்கும். வேட்பாளரிடம் 'உங்கள் கண் எப்படி?' என்று கேட்டிருக்கலாம். இப்போது அட்டவணை போடத் தெரியுமா என்பதைத் தாண்டிக் கேட்க ஒன்றுமில்லை.

சரி, நீங்கள் இந்த மாதிரி விளையாட்டு ஒன்றில் சேர்ந்து, தேர்தலும் வந்துவிட்டது. யாருக்குப் போடுவது? வியூகம் பற்றிய பத்தியைத் தாண்டிவிடுங்கள். பையன்களின் பெயரும், பக்கத்தில் அவர்களை வைத்திருக்கும் கிளப்பின் பெயரும், இன்னும் எத்தனை வாரம் பாக்கி என்பதும் எழுதியிருக்கிறதா பாருங்கள். 'இந்தப் பயிற்சியால் உங்களுக்கு இத்தனை மேட்ச் போகும்' என்று முதலாளிகளிடம் முன்கூட்டியே சொல்கிறவராக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். தோற்றுத்தான் போவார் என்று நினைக்கிறேன். அடுத்த முறையும் நிற்கச் சொல்லி அவருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம்.

அந்த ஏழடிப் பையனை மறந்துவிட்டோம். 22-வது வயது தொடங்கிய அன்று பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள். புது சீசனில், ஏறிய திறமைக்கு ஏற்ப அவன் சம்பளமும் ஏறியிருக்கும், வாராவாரம், உங்கள் கணக்கில்.