பூட்ஸை விடுங்க, திருப்பிப் போட்டுப் பாருங்க

ராம்ப்பில் ஓட்ட எந்த ரோலர் ஸ்கேட் வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச நாளாகத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வரிசையில்தான் போகின்றன. முதலில் பூட்ஸ்: என்ன நிறம், தோலா வினைலா, குதிகால் உயரமா தட்டையா. அடுத்து சக்கரம். பிறகு பேரிங். கடைசியில், இடம் மிச்சமிருந்தால், அடியில் இருக்கும் தட்டும் ட்ரக்கும். இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த வரிசை தப்பு. ராம்ப்புக்கான ஸ்கேட்டைக் கீழேயிருந்து மேலேதான் படிக்கணும்.

முதல்ல எதைப் பத்திப் பேசறோம்னு தெளிவாக்கிடலாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம் உள்ளது க்வாட் ஸ்கேட். நம்மூர் ஸ்கேட்டிங் கிளாஸில் சின்னப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு வட்டமடிக்கிறார்களே, அந்தக் குடும்பம். சக்கரங்கள் ஒரே கோட்டில் வரும் இன்லைன் வேறு. ராம்ப் என்பது மரத்திலோ கான்கிரீட்டிலோ கட்டிய வளைந்த சுவர். பவுல் என்பது தண்ணீர் வற்றிய நீச்சல் குளம் மாதிரி சுற்றிலும் வளைந்த குழி. சுவரின் உச்சி விளிம்பில் பெரும்பாலும் ஒரு இரும்புக் குழாய் ஓடும். அதற்குப் பேர் கோப்பிங். விளிம்பிலிருந்து உள்ளே இறங்குவது, சுவரில் ஏறித் திரும்புவது, கோப்பிங் மேல் ஒரு கணம் நிற்பது, அதை உரசிக்கொண்டே சறுக்குவது, அந்தரத்தில் எழும்பி மறுபடி இறங்குவது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த விளையாட்டு.

தட்டைத் தரைக்குப் பிறந்தது

1863-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் ஒரு காப்புரிமை வாங்கினார். அதுவரைக்கும் இருந்த சக்கர ஸ்கேட்டுகள் நேராகப் போகும்; திருப்புவதுதான் பெரும்பாடு. பிளிம்ப்டன் அச்சுகளுக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர் குஷன் வைத்தார். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் குஷன் நசுங்கும், அச்சு திரும்பும், ஸ்கேட் வளையும். இன்றைக்கு நீங்கள் வாங்கும் க்வாட் ஸ்கேட்டின் அடிப்படை இதுவேதான். அச்சைத் தாங்கும் உலோகத் துண்டு ட்ரக். அதைத் தட்டோடு பிடித்து வைக்கும் தடித்த போல்ட் கிங்பின். குஷன் இப்போது ரப்பருக்குப் பதில் யூரித்தேன். ட்ரக்கின் இன்னொரு முனை பிவட் என்ற சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும்.

அழகான ஏற்பாடுதான். ஆனா இது பளபளவென்று இருக்கும் தட்டைத் தரையில் வளைந்து வளைந்து போவதற்கு யோசித்தது. உயரத்திலிருந்து விழுவதும், இரும்புக் குழாய் மேல் உரசுவதும் அந்தக் கணக்கில் கிடையாது.

ஸ்கேட்போர்டு பிறந்ததும் இந்த ட்ரக்கிலிருந்துதான். ஆரம்பக்காலப் பலகைகளில் ரோலர் ஸ்கேட்டின் ட்ரக்கையே கழற்றி அடித்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்த யூரித்தேன் சக்கரம்கூட ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்ததுதான். அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் கலிஃபோர்னியாவின் வற்றிய நீச்சல் குளங்களிலும் புது ஸ்கேட் பார்க்குகளிலும் பலகைக்காரர்கள் இறங்கியபோது, ஃப்ரெட் பிளட், டியூக் ரென்னி போன்றவர்கள் க்வாட் ஸ்கேட்டோடு அதே சுவர்களில் ஏறினார்கள்.

அதன்பிறகு பாதை பிரிந்தது. பலகையின் ட்ரக் ராம்ப்புக்காகவே அகலமானது, தடித்தது. ரோலர் ஸ்கேட்டின் ட்ரக் பெரும்பாலும் ரிங்க்கிலேயே தங்கிவிட்டது. 2000-களில் அமெரிக்காவில் ரோலர் டெர்பி புத்துயிர் பெற்றது. 2012-ல் நியூசிலாந்தில் சிக்ஸ் இன் பவுல்ஸ் என்ற குழு தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. இப்படித்தான் க்வாட் ஸ்கேட் மறுபடி பெரிய அளவில் ராம்ப்புக்கு வந்தது. ரிங்க்குக்குப் பிறந்த ஒரு பொருளிடம் ஸ்கேட்போர்டின் வேலையை வாங்குகிறோம். அதனால அது எங்கே பலவீனம் என்று தெரிந்து வாங்கணும்.

விழும்போது யார் தாங்குகிறார்கள்?

சின்னக் கணக்கு ஒன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து தட்டைத் தரையில் இறங்குகிறார். முழங்காலை நன்றாக மடக்கி 30 செ.மீ. தூரத்தில் வேகத்தை அடக்கினால், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப்போல் சுமார் 4 மடங்கு. காலை விறைப்பாக வைத்து 5 செ.மீ.-ல் நின்றால் 21 மடங்கு. ராம்ப்பின் வளைவில் ஒழுங்காக இறங்கினால் இது வெகுவாகக் குறையும். ஆனா கற்றுக்கொள்ளும் காலத்தில் யார் ஒழுங்காக இறங்குகிறார்கள்?

அந்த விசை சக்கரத்தில் ஆரம்பித்து பேரிங், அச்சு, ட்ரக், கிங்பின், பிவட், தட்டு என்று வழியாக பூட்ஸின் அடிக்கு வருகிறது. இரண்டு ஸ்கேட்டுக்கும் சேர்த்து நான்கு கிங்பின். நேராக இறங்கினால் நாலும் பகிர்ந்துகொள்ளும். ஒரு குதிகால் மட்டும் முதலில் இடித்தால் ஒன்றே வாங்கும். பூட்ஸ் கிழிந்தால் தைக்கலாம். வேகத்தில் கிங்பின் உடைந்தால் ட்ரக் கழன்றுபோகும், பிறகு உங்கள் மணிக்கட்டும் கணுக்காலும்தான் கணக்குத் தீர்க்கும்.

கிங்பின் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பொதுவாகச் சந்தையில் இரண்டு கூட்டம்: 10 முதல் 20 டிகிரி வரை உள்ளவை, 45 டிகிரி உள்ளவை. 45 டிகிரி தட்டு கொஞ்சம் சாய்த்தாலே சட்டென்று திரும்பும். நடனத்துக்கும் டெர்பிக்கும் அது வரம். ராம்ப்பில் வேகமாக இறங்கும்போது, அல்லது லேசாகக் கோணலாக இறங்கும்போது, அந்தச் சட்டென்ற திருப்பமே ஆளைக் கவிழ்க்கும். 45 டிகிரியில் அற்புதமாக ராம்ப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கடினமான குஷன் போட்டு அதை அடக்கிவிடுகிறார்கள். புதிதாக வருபவருக்குக் குறைந்த கோணமே நல்லது என்பது என் தரப்பு.

குஷனிலும் ஒரு விஷயம். அது இளகினதாக இருந்தால் கிங்பின் நட்டை முறுக்கி முறுக்கி இறுக்குவது பலருக்குப் பழக்கம். அதனால் குஷன் முன்கூட்டியே நசுங்கிப் பிதுங்குமே தவிர கடினமாகாது. உங்கள் எடைக்கு ஏற்ற கடினமான குஷனை வாங்கிப் போடுவதுதான் வழி. முழு ஸ்கேட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

தட்டு உலோகமா நைலானா? உலோகம் என்றால் பலம், பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நார் கலந்த நல்ல நைலான் தட்டு லேசாக வளைந்து அடியை உள்வாங்கிக்கொள்ளும். மட்டமான வார்ப்பு அலுமினியம் ஒருநாள் சொல்லாமல் விரிசல் விடும். பொம்மைக் கடைப் பிளாஸ்டிக் இரண்டிலும் சேராது. அது ராம்ப் பக்கமே வரக்கூடாது.

அட்டையில் அச்சடித்த எண்கள்

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எண்களில் ராம்ப்புக்கு உதவாதது ஏபெக். பேரிங் எவ்வளவு நுட்பமான அளவில் செய்யப்பட்டது என்பதை 1, 3, 5, 7, 9 என்று அது சொல்கிறது. பக்கவாட்டில் அடி விழுந்தால் தாங்குமா, தூசு போனால் ஓடுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஏபெக் 9-க்குக் கூடுதல் காசு தருவதைவிட சாதாரண பேரிங்கைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மேல்.

உதவுகிற எண்கள் வேறு. அச்சு 8 மி.மீ.-ஆ 7 மி.மீ.-ஆ என்று பாருங்கள். 8-க்கு 608 பேரிங், 7-க்கு 627. இரண்டுக்கும் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. நடு ஓட்டை மட்டும்தான் வித்தியாசம். சரியான பேரிங் இருந்தால் ஸ்கேட்போர்டுக்கான சக்கரத்தையே உங்கள் க்வாட் ஸ்கேட்டில் மாட்டலாம் என்று இதற்கு அர்த்தம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சக்கரத்தின் விட்டம் ராம்ப்புக்கு ஏறக்குறைய 54 முதல் 58 மி.மீ. வரை போதும். சின்னதும் ஒல்லியுமான சக்கரம் கோப்பிங்கில் குறைவாகச் சிக்கும், பூட்ஸின் அடியிலும் உரசாது. கடினத்தை ஏ என்ற அளவில் சொல்வார்கள். தெருவில் ஓட்ட 78ஏ சுகம். ராம்ப்பில் அது ஒட்டிக்கொள்ளும்; சறுக்க வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தும். 95ஏ-க்கு மேல் போனால் வழுக்கும், வேகமும் கிடைக்கும். உங்கள் ஊர் பார்க்கின் கான்கிரீட் சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் இறங்கி வாங்கலாம். எண்ணை முடிவு செய்வது பெட்டி இல்லை, நீங்கள் ஓட்டும் சுவர்.

கோப்பிங்கில் உரசுவதற்கு மூன்று சங்கதிகள் வேணும். சக்கரங்களுக்கு நடுவே குழாய் உட்கார இடம் தரும் அகலமான ட்ரக். முன் ட்ரக்குக்கும் பின் ட்ரக்குக்கும் நடுவில் சறுக்குவதற்கு ஒரு கடின பிளாஸ்டிக் கட்டை, அதாவது ஸ்லைடு பிளாக். முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் டோ ஸ்டாப் குழாயில் மாட்டாமல் இருக்க அதைக் கழற்றிவிட்டுச் சின்ன அடைப்பான். சாதாரண ரிங்க் ஸ்கேட்டில் முதல் இரண்டும் இருக்காது.

படத்தில் தெரியாத பாதி

இப்போ பூட்ஸுக்கு வரலாம். 2020 ஊரடங்கின்போது லாஸ் ஏஞ்சலஸில் அனா கோட்டோ தெருவில் ஸ்கேட் செய்யும் வீடியோக்கள் பரவின. கலிஃபோர்னியாவின் மாக்ஸி போன்ற பிராண்டுகளின் வண்ண வண்ண ஸ்வேட் பூட்ஸுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மாக்ஸியின் லாலி பூட்ஸ் 1945 முதல் மினசோட்டாவில் இயங்கும் ரீடெல் நிறுவனத்தின் தயாரிப்பு. தோல் வேலையில் குறை சொல்ல முடியாது. சிக்கல் அதைப் பார்த்துச் செய்த மலிவு ஜோடிகளில் இருக்கிறது. அதே நிறம், அதே வளைவு, அதே நாடா. அடியில் தொளதொள வினைல், அதற்கும் கீழே பொம்மைத் தட்டு. பக்கவாட்டில் எடுத்த படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. மதிப்புரை எழுதுகிறவர்களும் அந்தப் படத்தையே விமர்சிக்கிறார்கள். என் புகாரின் மையம் இதுதான்.

பூட்ஸில் விருப்பத்துக்கு விடக்கூடியதும் உண்டு, விடக்கூடாததும் உண்டு. குதிகால் உயரம் உங்கள் விருப்பம். உயரமானது முழங்காலை முன்னால் மடக்க வைக்கும், தட்டையானது நிதானம் தரும். அடிப்பாகத்தின் விறைப்பு மட்டும் விருப்பம் இல்லை. ஒரு கையில் குதிகாலையும் மறுகையில் விரல் பக்கத்தையும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் தட்டின் போல்ட்டுகள் சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும்.

கட்டுவதா, கட்டினதை வாங்குவதா?

ராம்ப்புக்கென்றே அகல ட்ரக்கும் ஸ்லைடு பிளாக்கும் வைத்துக் கட்டிய ஜோடிகளை இப்போது சில நிறுவனங்கள் விற்கின்றன. ஜெர்மனியின் பவர்ஸ்லைடு நடத்தும் சாயா பிராண்டிலும் உண்டு. கையில் காசும் அவசரமும் இருந்தால் அதில் தப்பே இல்லை. இருந்தாலும் என் வாக்கு, தனித்தனியாக வாங்கிக் கட்டுவதற்கே. எந்த உறுப்பு எங்கே தேய்கிறது, எந்த நட்டு எதைப் பிடிக்கிறது என்பது கட்டினவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். ராம்ப்பில் அந்த அறிவும் ஒரு கவசம்தான்.

கட்டும்போது துளை போடுவதற்கு முன் இரண்டு தடவை அளங்கள். பூட்ஸில் போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது. முன் அச்சு பாதத்தின் பந்துபோன்ற பகுதிக்குக் கீழே, பின் அச்சு குதிகாலுக்குக் கீழே வரும்படி நீளமாக வைத்தால் முன்பின் சாயும்போது தாங்கும். டெர்பியில் சிலர் குட்டைத் தட்டை முன்தள்ளி வைப்பார்கள். சுறுசுறுப்பு கிடைக்கும், ராம்ப்பின் வளைவில் பின்னால் விழவும் வாய்ப்பு கூடும். தானாகத் தளராத நைலான் வளைய நட்டுகளைப் போடுங்கள். முதல் சில நாள் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

"ஓட்டுற ஆள்தான் முக்கியம், ஸ்கேட் இல்ல" என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. சக்கரம் சரியில்லாததைத் திறமை சமாளிக்கும். உடைந்த கிங்பின்னை எந்தத் திறமையும் சமாளிக்காது.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் வரிசை இது. முதலில் ஹெல்மெட். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1492 தரத்தின் பெயரிலேயே ஸ்கேட்போர்டும் வித்தை ரோலர் ஸ்கேட்டிங்கும் இருக்கின்றன. ஒரு பெரிய அடிக்கு மட்டும் கணக்கிட்ட சைக்கிள் ஹெல்மெட் வேறு. பிறகு முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்கள். பிறகு தட்டும் ட்ரக்கும். பிறகு விறைப்பான அடியுள்ள எந்தப் பூட்ஸும். பிறகு சக்கரம். பேரிங் கடைசி. நிறம் அதற்கும் பின்னால். கடையில் ஸ்கேட்டைக் கையில் கொடுத்தால் கண்ணாடி முன்னால் போய் நிற்காதீங்க. திருப்பிப் போட்டு, கிங்பின் எங்கே இருக்குன்னு பாருங்க. அது தெரியாத கடைக்காரரிடம் ராம்ப்புக்கு வாங்க வேண்டாம்.