ஆண்டுக்கணக்கும் ரோஜாவின் மணமும்

பழந்தோட்ட ரோஜாக்களை மீட்டு வளர்ப்போர், பழைய ரோஜாவுக்கு மணம் உண்டு, புதியதற்கு இல்லை என்பதையே தம் தலையாய நியாயமாக முன்வைக்கின்றனர். கொய்மலர் வணிகம் நீண்ட காம்பையும் நெடும்பயணத்தைத் தாங்கும் உறுதியையும் நாடியபோது மணம் பின்தள்ளப்பட்டது உண்மை. இங்கிலாந்தின் மோட்டிஸ்ஃபான்ட் மதில் தோட்டத்தில் கிரகாம் ஸ்டூவர்ட் தாமஸ் பழைய வகைகளைத் திரட்டிக் காத்ததும் பெரும்பணியே.

ஆனால், வயதை மணத்தின் அளவுகோலாகக் கொள்வது அடிப்படையிலேயே பிழையானது. அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, 1867ஆம் ஆண்டுக்கு முன்பே நிலவிய பிரிவுகளைச் சேர்ந்தவை அனைத்தும் பழந்தோட்ட ரோஜாக்கள். ஹைபிரிட் டீ எனும் நவீனப் பிரிவின் முதல் ரோஜாவாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' அவ்வாண்டில் வெளிவந்ததால் எல்லைக்கோடு அங்கே இடப்பட்டது. அந்த லா பிரான்சே நறுமணத்துக்குப் பேர்பெற்றது. ஆயினும் அது புதியது. பதினான்கு ஆண்டுகள் பிந்தி 1881இல் வந்த 'மதாம் இசாக் பெரேர்', போர்பன் என்ற முந்தைய பிரிவில் அடங்குவதால் பழையது. செடியின் வயதையே நேராகக் காட்டாத கோடு அதன் மணத்தை எங்ஙனம் காட்டும்? பழைய சீன ரோஜாவான 'ஓல்ட் பிளஷ்' மென்மணமே உடையது. 1935இன் 'கிரிம்சன் குளோரி', 1963இன் 'பப்பா மெய்யான்' ஆகியவையோ செறிந்த மணம் கமழ்பவை. இதழில் ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் உருவாகத் துணைபுரியும் நொதி ஒன்றை 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய நொதிகள் எவ்வளவு செயல்படுகின்றன என்பதே மணத்தைத் தீர்மானிக்கிறதேயன்றி, வகை பிறந்த நூற்றாண்டு அன்று.

மணத்தால் பிழைப்போர் இதை நன்கறிவர். பல்கேரியாவின் கசன்லக், துருக்கியின் இஸ்பார்த்தா, உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி ஆகிய ஊர்களில் அத்தருக்கும் பன்னீருக்கும் வாலையிலிடப்படுவது பெரும்பாலும் டமாஸ்க் ரோஜா ஒன்றே. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ தேவைப்படும் தொழிலில், பழைமை என்பதற்காக மட்டும் எந்தப் பூவும் வாலைக்குள் செல்வதில்லை.

வயதை அளவுகோலாக்கும் இப்பிழை வெப்பநாட்டில் மேலும் கேடு விளைவிக்கிறது. காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா முதலிய ஐரோப்பியப் பிரிவுகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பூப்பவை. அவை கடுங்குளிரில் உறங்கி எழுந்து மொட்டு விடும் இயல்பின. ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்து அவற்றைச் சமவெளியில் நடுவோர்க்கு மிஞ்சுவது பெரும்பாலும் இலையும் முள்ளுமே. மாறாக, ரீயூனியன் தீவில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து தோன்றிய போர்பன் வழியில் வந்த எட்வர்டு ரோஜா, தமிழகத்தின் வெயிலிலும் மீண்டும் மீண்டும் பூத்து, உதிரிப்பூவாக மாலைக்குச் செல்கிறது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பதாலேயே தொகுப்பாளர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மணிப்பூரின் ஜைகான்டியா போன்ற இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலந்து, வெப்பம் தாங்கும் வகைகளைக் கொடைக்கானலில் வீரராகவன் இணையர் உருவாக்கிய அரிய முயற்சியும் ஆண்டுக்கணக்கின்படி 'புதியது' என்றே ஒதுக்கப்படும். சீனத்து ரோஜாவை ஐரோப்பிய ரோஜாவோடு கலக்கத் துணிந்தவர்களால்தான் இன்று போற்றப்படும் போர்பன் ரோஜாக்கள் பெருகின. அந்தத் துணிவை விடுத்து அவர்தம் செடிகளை மட்டும் போற்றுவது மரபைக் காப்பதாகாது.

ஆகவே நாற்றுப்பண்ணைகள் பெயர்ச்சீட்டில் ஆண்டுக்குப் பதிலாக மணத்தின் தன்மை, பூக்கும் பருவம், தாங்கும் வெப்பம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வாங்குவோரும் பூத்த செடியை முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.